பூசைத் தட்டில் ரிவோல்வர்

லூயிஷாம்,
05.10.2025

அன்புள்ள தம்பி புவனேந்திரனுக்கு,

நீ ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்த காலத்துக்குப் பிறகு உனக்கு நான் கடிதம் எழுதுவது இப்போதுதான். போனில் கதைக்கலாம். கதைத்தால் நான் கத்துவேன், நீ "சரி அக்கா, சரி அக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி இடையில் வெட்ட ஏலாது. அதனால் எழுதுகிறேன்.

விஜயதசமி அன்று நான் சாப்பிடாமல் எழும்பிப் போனதற்குக் காரணம் உனக்கு விளங்கியிருக்கும். விளங்காவிட்டால் கேள். உன் பெண்சாதி தாரிணி கண்ணை மூடின நாளிலிருந்து நாலு வருசமாக அந்த வீட்டில் நீ ஒரு விளக்குக் கொளுத்தவில்லை. இந்த முறை நீயாகவே போன் எடுத்து, "அக்கா, பூசை செய்யிறன், அத்தானையும் கோசிகாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா. என் தம்பிக்கு உயிர் வந்துவிட்டது என்று மிச்சத்தில் இருக்கிற உன் வீடு வரும்வரை அத்தானுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவலும் கடலையும் செய்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் உன்னுடைய குறடுகள், கரண்ட் பார்க்கிற ரெஸ்ரர், சுவரில் துளை போடுகிற மெசின், எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. வடிவாகத்தான் இருந்தது. மின்சார வேலை செய்கிறவன் வீட்டு ஆயுத பூசை வேறு எப்படி இருக்கும். கும்பிட்டுக்கொண்டு குனிந்தேன். பூத்தட்டில் மஞ்சள் செவ்வந்திக்கு நடுவில் ஒரு கைத்துவக்கு. அதற்கும் பொட்டு.

கோசிகா அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துப் படம் எடுத்தாள். லண்டனில் பிறந்த பிள்ளை, அவளுக்கு எப்படித் தெரியும். எனக்குத் தெரியும். "இது என்னடா?" என்று கேட்டேன். "ஆயுத பூசைதானே அக்கா. இதுவும் ஒரு ஆயுதம்தானே" என்றாய். சிரித்துக்கொண்டு சொன்னாய்.

பெரியண்ணையை ஊரில் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் வைத்துச் சுட்டார்கள். ஆர் சுட்டது, ஏன் சுட்டது என்று இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை நீ. துவக்குக்குச் சந்தனம் பூசுகிறாய். சரஸ்வதி உன்னை மன்னிப்பா. நான் மாட்டேன்.

லைசென்ஸ் இருக்கிறது, பொலிஸ் வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் தந்தது என்று கார் வரைக்கும் பின்னால் வந்து சொன்னாய். கொள்ளிக்கட்டையால் தலை சொறிகிறவனுக்கு லைசென்ஸ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அந்தச் சாமான் அங்கே இருக்கும்வரை நான் உன் படி மிதிக்க மாட்டேன்.

அக்கா
யோகமலர்


மிச்சம்,
11.10.2025

அக்கா,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து மாறவில்லை. கோபம் வந்தால் எழுத்துகள் வலது பக்கம் சரிந்து ஓடும், அதுவும் மாறவில்லை.

நீங்கள் நினைக்கிற துவக்கு இல்லை அது. இந்த நாட்டில் இப்போதைய கைத்துப்பாக்கி ஒன்றும் ஆரும் வைத்திருக்க ஏலாது. இது குதிரையில் போன காலத்து ரிவோல்வரைப் பார்த்து இத்தாலியில் செய்தது. தோட்டா போட ஏலாது. கருமருந்தையும் ஈய உருண்டையையும் கையால் இட்டு இடித்து நிரப்ப வேண்டும். கிளப்பில் இலக்குக்குச் சுடுகிறவர்களுக்கு அதற்கு மட்டும் அனுமதி உண்டு. வீட்டில் சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பூட்டித் திறக்கிற திறப்பு இருக்கிற இடம் எனக்கு மட்டும் தெரியும்.

பூசைக்கு அதை வெளியே எடுத்தது பிழை. வெறுமையாகத்தான் இருந்தது, நான் பக்கத்தில்தான் நின்றேன், ஆனாலும் பிழை. கோசிகாவை அந்தப் படத்தை ஒருவருக்கும் அனுப்பாமல் அழிக்கச் சொல்லுங்கோ. பொலிஸின் கண்ணில் பட்டால் லைசென்ஸ் போய்விடும்.

ஏன் வைத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். குறடும் மெசினும் எனக்குச் சோறு போடுகின்றன. இது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் படுக்கையால் எழுப்புகிறது. அதற்கும் ஒரு பொட்டு வைக்க வேண்டும் போல் இருந்தது.

அவலை நான் தனியத்தான் சாப்பிட்டேன். சர்க்கரை கூடிவிட்டது.

புவனம்


லூயிஷாம்,
16.10.2025

தம்பி,

படம் அழியவில்லை. கோசிகாவின் போனிலிருந்து என் போனுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். பொலிஸுக்கு அனுப்பினால் உன் லைசென்ஸ் போய்விடும் என்பதை நீயே எழுத்தில் தந்துவிட்டாய். நுணலும் தன் வாயால் கெடும்.

அனுப்பவில்லை. அனுப்பினால் நீ இந்தப் பிறப்பில் என் முகத்தில் முழிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அனுப்பாமல் இருந்து உனக்கு ஏதாவது நடந்தால் நான் எந்த முகத்தோடு இருப்பேன் என்பதும் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து என் நித்திரை போய்விட்டது.

இப்போது நான் கேட்பதற்கு உண்மை சொல். சித்திரையிலிருந்து உனக்கு நித்திரை இல்லை. சேட்டுக் கழுத்துக்குள் என் கை இரண்டும் போகும், அப்படி மெலிந்திருக்கிறாய். வேலைக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிற சனத்துக்குப் பதில் சொல்லாமல் போனைக் கவிழ்த்து வைக்கிறாய். "டொக்டரிட்டைப் போடா, போடா" என்று தலைப்பாடாக அடித்தேன். "போறன், போறன்" என்றாய். போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

மருந்துக்கடையில் வேலை செய்கிற பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு எனக்கு இவ்வளவு நாளும் விளங்கவில்லை பார். கோசிகா சொல்கிறாள்: "அம்மா, துவக்கு லைசென்ஸ் இருக்கிற ஆள் மனசு சரியில்லையெண்டு டொக்டருக்குச் சொன்னா, அவை பொலிசுக்குச் சொல்லுவினம். மாமா அதுக்குத்தான் பயப்பிடுறார்." அப்படித்தானே? துவக்கு போய்விடும் என்று டொக்டரிடமே போகாமல் இருந்திருக்கிறாய். தண்ணீரில் தாழுகிறவன் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிற கதையாக அல்லோ இருக்கிறது.

இன்னொன்று. ஆவணியில் வந்தபோது உன் குசினி அலுமாரியில் உப்புமா ரவைப் பைக்கற்றுகள் அடுக்கி இருக்கக் கண்டேன். அப்டன் பார்க் கடையில் வாங்கியிருக்கிறாய். தம்பி தானே சமைத்துச் சாப்பிடத் தொடங்கிவிட்டான் என்று அன்று பஸ்ஸில் இருந்து அழுதேன். ஒரு சட்டியிலும் உப்புமா கிண்டின அடையாளம் இல்லை என்பதை நான் ஏன் கவனிக்கவில்லை?

உனக்கு இந்த ஆசை எங்கே பிடித்தது, எப்போது பிடித்தது? வெடிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போகிற பிள்ளை நீ. எனக்கு அதைச் சொல்லு. சொன்னால் படத்தைப் பற்றிப் பிறகு யோசிப்பேன்.

அக்கா


மிச்சம்,
22.10.2025

அக்கா,

படத்தை அனுப்புகிறதென்றால் அனுப்புங்கோ. அதற்குப் பயந்து இதை எழுதவில்லை. நீங்கள் "எப்போது பிடித்தது" என்று கேட்டீர்கள். இதுவரைக்கும் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. தீபாவளி அன்று தனிய இருந்து யோசித்துப் பார்த்தேன்.

தாரிணி போன அடுத்த மாரிகாலம். சரே மாவட்ட எல்லையைத் தாண்டி, மரங்களுக்கு நடுவில் ஒரு கிளப். கட்டடத்துக்குப் புது வயர் இழுக்கிற வேலை எனக்கு வந்தது. என்ன கிளப் என்று அங்கே போய்த்தான் தெரியும். வெடிச் சத்தம் கேட்ட உடனே ஏணியிலிருந்து இறங்கிக் காருக்குள் போய் இருந்தேன். வேலையை விட்டுவிட்டுப் போகிறதுதான் யோசனை. அப்போது மொறீன் என்கிற மனுசி வந்து கண்ணாடியில் தட்டினா. முந்திச் சிவப்பு பஸ் ஓட்டினவ, இப்போது பென்சன். அங்கே சுடுகிறவர்களைக் கண்காணிக்கிறவவும் அவதான். ஒன்றும் கேட்கவில்லை. காதுக்குப் போடுகிற மூடி ஒன்றைத் தந்துவிட்டுப் போய்விட்டா.

அதைப் போட்டுக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். மொறீன் மேசையில் தன்னுடைய ரிவோல்வரை நிரப்பிக்கொண்டு நின்றா. ஒரு சின்ன அளவையால் கருமருந்து. பிறகு ஒரு தகரப் பேணியைத் திறந்து வெள்ளையாக ஏதோ போட்டா. உற்றுப் பார்த்தேன். உப்புமா ரவை, அக்கா. அசல் உப்புமா ரவை. மருந்து கொஞ்சமாகப் போட்டால் அதை நிரப்புகிற குழியில் இடம் மிஞ்சுமாம், அதை நிரப்ப இதைப் போடுவார்களாம். இங்கத்தைய வழக்கம். ஒரு வெள்ளைக்கார மனுசி துவக்குக்குள் உப்புமா ரவை போடுகிறதை நான் கண்ணால் கண்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாரிணி போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடியப் பயமாகவும் இருந்தது, ஏதோ துரோகம் செய்த மாதிரி.

வேலை முடிய "ஒருக்காப் பிடிச்சுப் பார்" என்றார்கள். முதலில் றைபிள் தந்தார்கள். பிடிக்கவில்லை. விரலை வைத்த உடனே வெடித்துவிடுகிற மாதிரி இருந்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பிறகுதான் மொறீன் தன்னுடையதைத் தந்தா. சிங்கிள் அக்‌ஷன் ரிவோல்வர் என்று அதைச் சொல்லுவார்கள். விசையை எவ்வளவு அழுத்தினாலும் அது தானாக வெடிக்காது. பின்னால் சின்னச் சுத்தியல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சூட்டுக்கும் அதைப் பெருவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். கடக், கடக் என்று இரண்டு சத்தம். உருளை ஒரு குழி சுழன்று நிற்கும். அதற்குப் பிறகுதான் விசை. திரும்ப ஒன்று சுட வேண்டுமென்றால் திரும்பவும் இழுக்க வேண்டும். விரலை எடுத்து, சுத்தியலை மெதுவாக இறக்கிவிட்டு, வேண்டாம் என்று விடவும் ஏலும்.

நான் அதை இழுத்தேன். நின்றேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு சுட்டேன். புகை வந்து எல்லாவற்றையும் மூடியது. இலக்கு எங்கே, பட்டதா இல்லையா, ஒன்றும் தெரியாது. புகை கலையும்வரை பேசாமல் நிற்கத்தான் வேண்டும். அந்தப் புகைக்குள் நின்றபோது எனக்கு மனதில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை, தாரிணியின் இருமல் இல்லை, படலை இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து விடியும்வரை நித்திரை கொண்டேன்.

எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான். பெரியண்ணையைச் சுட்ட அன்று நான் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். படபடவென்று ஒரு சத்தம். எத்தனை என்று பிரிக்க ஏலாத சத்தம். அதற்குப் பிறகு கதவு அடித்தாலும், ரயில் போனாலும் அந்தச் சத்தம் என்னைத் தேடி வந்தது. இங்கே நான்தான் சத்தத்தைக் கூப்பிடுகிறேன். கூப்பிட்டால் ஒன்று வரும். கூப்பிடாவிட்டால் வராது. யோசிக்காமல் சுட ஏலாத துவக்கு இது. பெரியண்ணைக்கு முன்னால் நின்றவனின் கையில் இப்படி ஒன்று இருந்திருந்தால், அந்தச் சுத்தியலை இழுக்கிற நேரத்திலாவது அவன் பெரியண்ணையின் முகத்தைப் பார்த்திருப்பான் என்று நினைப்பேன். பார்த்திருந்தால் சுட்டிருக்க மாட்டான். பெரியண்ணையின் முகம் அப்படி.

ஒவ்வொரு ஞாயிறும் இதைத்தான் நினைத்துக்கொண்டு நிற்கிறேன். உருளையில் ஆறு குழி. நாங்கள் ஐந்தைத்தான் நிரப்புவோம். சுத்தியல் எப்போதும் வெறும் குழியின் மேல் இருக்க வேண்டும். தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காது. மொறீன் அதில் சரியான கண்டிப்பு.

டொக்டர் விசயம் நீங்கள் சொன்னபடிதான். போனால் இதை எடுத்துவிடுவார்கள். எடுத்தால் ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாட்கள் மாதிரி ஆகிவிடும். அதை நினைக்கவே ஏலாமல் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கோ அக்கா. நான் சமாளிப்பேன்.

புவனம்


லூயிஷாம்,
30.10.2025

தம்பி,

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். "விடு, அவன்ரை மனசுக்கு ஆறுதல் எண்டால் இருந்திட்டுப் போகட்டும்" என்றார். நானும் விடத்தான் பார்த்தேன். ஏலவில்லை. நீ ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அந்தப் பொய்க்குக் காரணம் நாங்கள். அம்மா உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினா. அம்மாவும் போய்விட்டா.

நீ கட்டிலுக்குக் கீழே இருந்தாய். நான் முன் கதவடியில் நின்றேன்.

நீ கேட்ட படபடச் சத்தம் பிறகு வந்தது. அவர்கள் போகும்போது, அயலட்டைச் சனம் வெளியே வரக்கூடாது என்று வானத்துக்குச் சுட்டது. பெரியண்ணைக்கு ஒன்றுதான். அதை நீ கேட்டிருக்க மாட்டாய். அம்மா உன் காதைப் பொத்திக்கொண்டிருந்தா.

வந்தவன் பெரியண்ணையிடம் பெயரைக் கேட்டான். பெரியண்ணை "ஓம், நான்தான்" என்றார். அவன் கையில் இருந்ததும் சின்னத் துவக்குத்தான். அவன் பெரியண்ணையின் முகத்தைப் பார்த்தான். திரும்பி என்னையும் பார்த்தான். திரும்பப் பெரியண்ணையைப் பார்த்தான். அவசரமே படவில்லை. எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவருகிறவன் கூட அவ்வளவு ஆறுதலாக நிற்க மாட்டான். பார்த்துவிட்டுத்தான் சுட்டான்.

யோசித்தால் சுடமாட்டான், முகத்தைப் பார்த்தால் சுடமாட்டான் என்று நீ எழுதியிருக்கிறாய். நான் கண்ணால் கண்டவள். மனுசன் யோசித்தும் சுடுவான். அதனால்தான் எனக்குப் பயம். நீ தனிய இருக்கிறாய், சாப்பிடுகிறாய் இல்லை, நித்திரை இல்லை, கையில் அது இருக்கிறது. அதற்குச் சுத்தியல் ஒன்று இருந்தால் என்ன, பத்து இருந்தால் என்ன.

நான் சொல்வது உனக்கு விளங்குகிறதுதானே. அதைக் கொடுத்துவிடு. டொக்டரிடம் போ.

அக்கா


லூயிஷாம்,
10.11.2025

தம்பி,

பதில் இல்லை. போன் அடிக்கிறது, நீ எடுக்கிறாய் இல்லை. அத்தானை அனுப்பினேன். கதவை ஒரு சாண் திறந்து "சுகமா இருக்கிறன் அத்தான்" என்று சொல்லி மூடிவிட்டாயாம். பொலிஸுக்குப் படத்தை அனுப்ப எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்துவிட்டேன்.

இந்தக் கிழமை முழுக்க வெள்ளைக்காரரின் வாணவெடி. ஒவ்வொரு வெடிக்கும் உன் நம்பரை எடுத்து அழுத்துகிறேன். பெரியண்ணையின் கதையை நான் உனக்கு எழுதியிருக்கக்கூடாது. முப்பத்தெட்டு வருசம் வாயை மூடியிருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் மூட ஏலாமல் போய்விட்டது. என்னை ஏசியாவது இரண்டு வரி எழுது ராசா.

அக்கா


மிச்சம்,
18.11.2025

அக்கா,

முதலில் இதை வாசியுங்கோ: நான் இருக்கிறேன். ரிவோல்வர் வீட்டில் இல்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகு எனக்கு உங்களில் கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அதுதான் பிழையாக இருந்தது. பெட்டிக்குள் இருந்த அதைப் பார்த்தேன். முந்திப் பார்க்கும்போது மனதில் ஒரு அமைதி வரும். இப்போது அது ஒரு இரும்பு, அவ்வளவுதான். அவன் முகத்தைப் பார்த்துத்தான் சுட்டான் என்றால், நான் இவ்வளவு ஞாயிற்றுக்கிழமையும் அங்கே நின்று என்ன செய்தேன்?

முந்தாநாள் கிளப்புக்குப் போனேன். வழக்கமான மேசை. கருமருந்து, உப்புமா ரவை, ஈயம், மேலே பூசி அடைக்கிற கொழுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. பிறகு ஆறாவதையும் நிரப்பினேன்.

எதற்கு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நானும் எழுத மாட்டேன்.

மொறீன் பின்னால் நின்றிருக்கிறா. எனக்குத் தெரியாது. "ஆறு" என்றா. "கை மறந்துபோச்சு" என்றேன். "உன்ரை கை மறக்காது, புவன்" என்றா. அவ இங்கிலீசில் சொன்னதை நான் எங்கள் பாசையில் எழுதுகிறேன். சத்தம் போடவில்லை. என் கையைத் தொடவும் இல்லை. மற்றவர்கள் எல்லாரையும் நிற்பாட்டச் சொல்லிக் கை காட்டினா. மழை தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அதை மேசையிலை வை. ரெண்டடி பின்னுக்கு வா" என்றா. வைத்தேன். வந்தேன்.

பிறகு அந்தக் கட்டடத்துக்குள் நான் வயர் இழுத்த அறையில் கொண்டுபோய் இருத்தித் தேத்தண்ணி தந்தா. எல்லாவற்றையும் சொன்னேன். தாரிணியை, பெரியண்ணையை, நித்திரையை, டொக்டரிடம் போகாததை. இடையில் தமிழில் கதைத்திருக்கிறேன், அதுகூடத் தெரியவில்லை. அவ நிற்பாட்டவில்லை.

ஆறையும் அவவே மண்மேட்டுக்குச் சுட்டு வெறுமையாக்கினா. ஒவ்வொரு தரமும் சுத்தியலை இழுத்து. நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கிளப்பின் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, "நான் பொலிசுக்குச் சொல்ல வேணும். அது விதி. உனக்கு ஒளிச்சுச் சொல்ல மாட்டன்" என்று எனக்கு முன்னால் இருந்தே போன் எடுத்தா. நேற்று இரண்டு பேர் வந்து லைசென்ஸையும் வீட்டில் இருந்த கருமருந்தையும் கொண்டுபோனார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். அந்த இரும்புப் பெட்டி வெறுமையாகத் திறந்து கிடக்கிறது.

உங்கள் கடிதத்தால் என்று நினைக்காதீர்கள். அது வராவிட்டாலும் நான் இந்த இடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். நீங்கள் கண்டுபிடித்தீர்கள், நான்தான் காணவில்லை.

வியாழக்கிழமை டொக்டர் வரச் சொல்லியிருக்கிறார். அவருக்கு முன்னால் போய் இருந்தால் நான் "ஐ ஆம் ஃபைன்" என்று சொல்லிவிடுவேன் அக்கா. எனக்கு என்னைத் தெரியும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் பொய் சொல்ல ஏலாது. வருவீர்களா? நீங்கள் அன்றைக்குப் போட்ட சபதம் இனிச் செல்லாது. சாமான் போய்விட்டது.

புவனம்


லூயிஷாம்,
21.11.2025

தம்பி,

நேற்று டொக்டருக்கு முன்னால் நான் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நீ சொல்லுக்குச் சொல் தடுமாறினாய். ஆனாலும் சொன்னாய். உன்னை மிச்சத்தில் இறக்கிவிட்டு வந்து, விடிய எழும்பி இதை எழுதுகிறேன், ஏனென்றால் நேரில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் படத்தை அழித்துவிட்டேன். அழிக்க முதல் ஒருக்கால் பெருப்பித்துப் பார்த்தேன். இவ்வளவு நாளும் எத்தனை தரம் அதை எடுத்துப் பார்த்திருப்பேன். தட்டில் இருந்த துவக்கை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின்னால் நீ நிற்கிறாய். கண்ணை மூடி, கையைக் கூப்பி, எலும்பும் தோலுமாக. அழுதுகொண்டு நிற்கிறாய் தம்பி. நான் அதே அறையில் நின்றேன். அது என் கண்ணில் படவில்லை.

மருந்தை நேரத்துக்கு எடு. கோசிகா ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கேட்பாள். ஏசாதே.

அக்கா


மிச்சம்,
07.12.2025

அக்கா,

மருந்து எடுக்கிறேன். வாய் காய்கிறது, தலை பஞ்சு மாதிரி இருக்கிறது. நித்திரை வருகிறது, ஆனால் அது என்னுடைய நித்திரை இல்லை. டொக்டர் பொறுக்கச் சொல்கிறார். கிழமைக்கு ஒருக்கால் டொக்டர் ஏற்பாடு செய்த ஒரு பெண் போன் எடுத்துக் கதைக்கிறா. நல்ல பிள்ளை. நான் மழையையும் குளிரையும் பற்றித்தான் சொல்கிறேன்.

இன்றைக்கு ஞாயிறு. காலமை வழக்கம் போல எழும்பிச் சப்பாத்தும் போட்டுவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. குசினியில் நின்றேன். மொறீன் ஒரு கார்ட் அனுப்பியிருக்கிறா, "வா, சுட வேண்டாம், சும்மா வந்து தேத்தண்ணி குடி" என்று. போக மாட்டேன். அந்தப் புகையின் மணத்தை என்னால் தாங்க ஏலாது.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியும். வாய் வருகுதில்லை. நீங்கள் கேட்டபடி உயிரோடு இருக்கிறேன். அது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கு என்னைக் கேட்காதீர்கள். அதைக் கொடுத்தது சரி. ஆனால் எனக்கு இருந்த ஒரே ஒரு நல்ல நேரம் அதோடு போய்விட்டது. அதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். நான் சும்மா இருக்கும்போது என் பெருவிரல் தானாகப் பின்னுக்கு இழுக்கிறது. அத்தான் கண்டுவிட்டு "என்ன, கை வலிக்குதோ" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அலுமாரியில் அந்த உப்புமா ரவைப் பைக்கற்றுகள் மட்டும் இருக்கின்றன. பார்க்கவே ஏலவில்லை. நாளைக்கு எறிந்துவிடப் போகிறேன்.

புவனம்


லூயிஷாம்,
10.12.2025

தம்பி,

எறியாதை. அது சாப்பாட்டுச் சாமான்.

ஞாயிற்றுக்கிழமை காலமை, நீ முந்தி அங்கை வெளிக்கிடுற நேரத்துக்கு நான் வந்து நிப்பன். வெங்காயமும் செத்தல் மிளகாயும் கொண்டுவாறன். கறிவேப்பிலையும் கொண்டுவாறன், உன்னட்டை இராது. உப்புமா கிண்டித் தாறன். மொறீனுக்கும் ஒரு பெட்டியிலை போட்டு வைப்பம், உனக்குப் போக மனம் வாற அண்டைக்குக் கொண்டுபோய்க் குடு. அந்த மனுசி அதைச் சாப்பிடவும் ஏலும் எண்டு அறியட்டும்.

அடுத்த ஞாயிறும் வருவன். அதுக்கடுத்த ஞாயிறும் வருவன். பைக்கற்றுகள் முடிஞ்சால் வாங்கிக்கொண்டு வருவன். உனக்குக் கதைக்க மனம் இல்லாட்டிக் கதைக்க வேண்டாம். நான் அடுப்படியிலை நிப்பன், நீ பேசாமல் இரு.

மணி அடிச்சாக் கதவை மட்டும் திற.

அக்கா